நிலச் சூழலியலுக்கு ஒரு ஃபேகல்டி எடுக்கணுமா? சர்ச் கமிட்டில முதல் தடவை உக்காருறவங்களுக்கு

யுனிவர்சிட்டி வேலைக்கு ஆள் தேடி எடுக்குற குழு, அதாவது சர்ச் கமிட்டில உங்க பேரைப் போட்டுட்டாங்க, இதுவரைக்கும் நீங்க அப்ளை பண்ணித்தான் பழக்கம், இப்ப ஆள் எடுக்குற பக்கம் வந்துட்டீங்க, எங்க ஆரம்பிக்கறதுன்னு புரியலையா, அப்ப இது உங்களுக்குத்தான். நிலச் சூழலியல்ல ஒரு அசிஸ்டென்ட் ப்ரொஃபசர் எடுக்குறதை வச்சு மட்டும் எழுதுறேன். மத்த துறைக்கும் பாதி பொருந்தும். ஆனா ஃபீல்டு சீசன், மண்ணு, வருஷக்கணக்கா ஓடுற ப்ளாட்டு (ஆராய்ச்சிக்குக் குறிச்சு வச்ச நிலத் துண்டு)ன்னு இந்தத் துறைக்கே உண்டான சிக்கல் சிலது இருக்கு, ஹெச்.ஆர். குடுக்குற கையேட்டுல அதெல்லாம் இருக்காது. வேலைக்கு அப்ளை பண்றவங்களும் படிச்சு வச்சுக்கலாம், உள்ள என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா ஒண்ணும் நஷ்டம் இல்ல.

முதல் படி: எந்த மாதிரி ஆளுன்னு சண்டை போட்டு முடிச்சுக்கோங்க

கடல், ஆறு, ஏரி போக மிச்சம் எல்லாமே நிலச் சூழலியல்தான். புல்வெளில எந்தச் செடி எதோட சேர்ந்து வளருதுன்னு பாக்குறவரு, மண்ணுல இருக்கிற பூஞ்சையோட டிஎன்ஏவ சீக்வென்ஸ் பண்றவரு, காட்டுக்கு மேல டவர் கட்டி கார்பன் டை ஆக்சைடு உள்ள போறதையும் வெளிய வர்றதையும் அளக்குறவரு, மானுக்கு ரேடியோ காலர் மாட்டுறவரு, 1972-லேர்ந்து வர்ற லேண்ட்சாட் சாட்டிலைட் படங்களை வச்சு காடு எப்ப அழிஞ்சுதுன்னு கண்டுபிடிக்கிறவரு, இவங்க எல்லாரும் ஒரே விளம்பரத்துக்கு அப்ளை பண்ணுவாங்க. கமிட்டில அஞ்சு பேர் இருந்தா அஞ்சு பேர் மனசுலயும் அஞ்சு வேற ஆளு இருப்பாரு, யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க, கடைசி மீட்டிங்லதான் வெடிக்கும். அதனால விளம்பரம் எழுதுறதுக்கு முன்னாடியே அதைப் பேசித் தீர்த்துடணும்.

பேசும்போது ரெண்டு விஷயத்தை எடுத்து வைங்க. ஒண்ணு, யாரும் எடுக்க ஆள் இல்லாம கெடக்குற கோர்ஸ் எது, ஃபீல்டு கோர்ஸா, ஸ்டாட்டிஸ்டிக்ஸா, முதல் வருஷ பயாலஜியா. இன்னொண்ணு, ஏற்கனவே என்ன இருக்கு, ஃபீல்டு ஸ்டேஷன் இருக்கா, ஹெர்பேரியம் (காயவச்ச செடிகளைச் சேத்து வைக்கிற இடம்) இருக்கா, ஐசோடோப் லேப் இருக்கா, பழைய ப்ளாட் டேட்டா யாராவது விட்டுட்டுப் போயிருக்காங்களா. "ஹாட் டாபிக்" எதுன்னு பேச ஆரம்பிச்சா அந்தப் பேச்சுக்கு முடிவே கிடையாது, இந்த ரெண்டு கேள்விக்கு முடிவு உண்டு.

விளம்பரம் அகலமா இருக்கணுமா குறுகலா இருக்கணுமான்னு ஒரு விவாதம் கண்டிப்பா வரும். என் கட்சி அகலம்தான். ரொம்பக் குறுகலா எழுதின விளம்பரத்தைக் கொஞ்சம் உத்துப் பாத்தா பெரும்பாலும் யாரோ ஒருத்தரோட பழைய ஸ்டூடண்ட் ஜாடை தெரியும். ஆனா அகலமா எழுதினா அப்ளிகேஷன் குவியும், மண்ணுப் பூஞ்சைக்காரரையும் பறவைக்காரரையும் பக்கத்துல வச்சு ஒப்பிடணும், அதுக்கு அடுத்த படியை ஒழுங்கா செஞ்சே ஆகணும்.

ரெண்டாவது: பேரைப் பாக்குறதுக்கு முன்னாடி அளவுகோலை எழுதி வைங்க

இந்தக் கட்டுரைல ஒரே ஒரு படிதான் செய்வேன்னு நீங்க சொன்னா இதைச் செய்யுங்க. 2005-ல உல்மனும் கோஹனும் ஒரு ஆய்வு போட்டாங்க. போலீஸ் சீஃப் வேலைக்கு ஒரு ஆண், ஒரு பெண். ஒருத்தருக்குப் படிப்பு இருக்கும், இன்னொருத்தருக்கு ரோட்டுல வேலை பாத்த அனுபவம் இருக்கும். ஆணுக்குப் படிப்பு இருக்கும்போது "படிப்புதான் முக்கியம்"னு சொன்னாங்க, அது இல்லாதப்ப படிப்பு அவ்ளோ முக்கியம் இல்லன்னு ஆயிடுச்சு. அதாவது ஆளை முதல்ல பிடிச்சுப்போய் அப்புறமா அளவுகோலைச் செய்யறாங்க, அதுவும் தாங்க நேர்மையா இருக்கோம்னு நம்பிக்கிட்டே. எது முக்கியம்னு முன்னாடியே எழுதிக் குடுக்கச் சொன்னப்ப இந்தப் பாகுபாடு காணாமப் போயிடுச்சு.

நம்ம ஆட்கள்ல இது இன்னும் சுலபமா நடக்கும், ஏன்னா துறை அவ்ளோ அகலம். பிடிச்ச ஆளு மாடலிங் பண்றவரா இருந்தா "இப்பல்லாம் மாடலிங்தான் எதிர்காலம்"பாங்க, பிடிச்ச ஆளு ஃபீல்டுக்காரரா இருந்தா "கால்ல சேறு ஒட்டணும்ப்பா"ம்பாங்க. அதனால நாலு அஞ்சு தலைப்பு போதும்: கேள்வி எவ்ளோ கூர்மையா இருக்கு, அந்தக் கேள்விக்கு ஏத்த முறை தெரியுதா, அடுத்த அஞ்சு வருஷத் திட்டம் நடக்கக்கூடியதா, நமக்குத் தேவையான கோர்ஸ் எடுப்பாரா, ஸ்டூடண்ட்ஸையும் ஃபீல்டு டீமையும் எப்படி நடத்துவாரு. ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலேர்ந்து நாலு மார்க், எது நாலு எது ரெண்டுன்னு ஒரு வரி விளக்கம். "ஃபிட்"ங்கிற வார்த்தை அந்தப் பேப்பர்ல இருக்கவே கூடாது. அந்த வார்த்தைக்குள்ள "எங்களை மாதிரியே இருக்காரு"ங்கிறதைத் தவிர பெரும்பாலும் வேற ஒண்ணும் இருக்கறதில்ல.

மூணாவது: விளம்பரமும் காலண்டரும்

வட அமெரிக்கால பொதுவா ஆகஸ்ட்லேர்ந்து அக்டோபருக்குள்ள விளம்பரம், குளிர்காலத்துல இன்டர்வியூ, வசந்தத்துல ஆஃபர், அடுத்த ஆகஸ்ட்ல வேலைல சேரறது. மத்த இடங்கள்ல வருஷம் முழுக்க எப்ப வேணா வரும். எங்க இருந்தாலும் ஒண்ணைக் கவனிங்க, இந்தத் துறை ஆளுங்க பாதி வருஷம் சிக்னல் இல்லாத இடத்துல இருப்பாங்க. வடக்குல வேலை பாக்குறவங்களுக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் ஃபீல்டு சீசன், தென் அரைக்கோளத்துல வேலை பாக்குறவங்களுக்கு நீங்க ஜூம் இன்டர்வியூ வைக்கிற அதே டிசம்பர் ஜனவரிதான் சீசன். அதனால விளம்பரத்தைக் குறைஞ்சது ஆறு வாரமாவது திறந்து வைங்க, இன்டர்வியூ வாரம் எதுன்னு விளம்பரத்துலயே போட்டுடுங்க, அவங்க அதுக்கேத்த மாதிரி ப்ளான் பண்ணிக்கட்டும்.

எங்க போடறது? அமெரிக்காவோட இகாலஜிகல் சொசைட்டி (1915-ல ஆரம்பிச்சது), பிரிட்டிஷ் இகாலஜிகல் சொசைட்டி, நேச்சர், சயின்ஸ் வேலைப் பக்கங்கள், இதெல்லாம் எல்லாரும் போடுவாங்க. ஆனா மண்ணு ஆளுங்க சாயில் சயின்ஸ் சொசைட்டி பக்கம் பாப்பாங்க, ரிமோட் சென்சிங் ஆளுங்க ஜியோகிராஃபி பக்கம், இன்னும் சிலரு ஃபாரஸ்ட்ரி பக்கம். அங்கயும் போடுங்க. அதுக்கு மேல, கமிட்டில ஒவ்வொருத்தரும் தனக்கு நேர்ல தெரியாத நல்ல ஆளுங்க சிலரைத் தேடிக் கண்டுபிடிச்சு "இப்படி ஒரு வேலை இருக்கு, பாருங்க"ன்னு ஒரு மெயில் போடுங்க. தெரிஞ்சவங்களுக்கு மட்டும் அனுப்பிட்டு அப்புறம் "வித்தியாசமான ஆளுங்க யாரும் அப்ளையே பண்ணல"ன்னு சொல்றது நியாயம் இல்ல.

விளம்பரத்துல சம்பள ரேஞ்ச், டீச்சிங் லோடு, விசாவுக்கு உதவி உண்டா இல்லையா, இதைப் போடுங்க. "கட்டாயம் வேணும்"ங்கிற பட்டியலைச் சின்னதா வைங்க, ஏன்னா அங்க எழுதினதை அப்புறம் தளர்த்த முடியாது, "மூணு வருஷ போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடிச்சப்புறம் பண்ற தற்காலிக ஆராய்ச்சி வேலை) அனுபவம் கட்டாயம்"னு எழுதிட்டா ரெண்டரை வருஷம் பண்ணின அருமையான ஆளு கையை விட்டுப் போயிடுவாரு. ரெஃபரன்ஸ் லெட்டரை முதல்லயே கேக்காதீங்க. இருநூறு பேர் அப்ளை பண்ணி ஆளுக்கு மூணு லெட்டர்னா அறுநூறு லெட்டர், அதுல எண்பது சதவீதத்தை யாரும் திறந்துகூடப் பாக்கப் போறதில்ல. பேரும் மெயிலும் மட்டும் வாங்கிக்கோங்க, முதல் சலிப்புல தேறினவங்களோட லாங் லிஸ்ட் ஆனப்புறம் கேக்கலாம்.

நாலாவது: அப்ளிகேஷனைப் படிக்கறது

இதுலதான் அதிக நேரம் போகும், போகவும் வேணும்.

பேப்பர் எண்ணிக்கையை வச்சு வரிசைப்படுத்துற ஆசை எல்லாருக்கும் வரும், அதுவும் ராத்திரி பதினொரு மணிக்கு எழுபதாவது ஃபைலைத் திறக்கும்போது. இந்தத் துறைல அந்த எண்ணு ரொம்ப ஏமாத்தும். ஹார்வர்டு ஃபாரஸ்ட்ல 1991-ல ஆரம்பிச்ச ஒரு சோதனை, மண்ணுக்குள்ள கேபிள் பதிச்சு சுத்தி இருக்கிற மண்ணை விட 5 டிகிரி செல்சியஸ் அதிகமா சூடாக்கிட்டே இருந்தாங்க, மண்ணுலேர்ந்து கார்பன் வெளியேறறது ஒரே சீரா இல்லாம கட்டம் கட்டமா ஏறி இறங்குதுன்னு 26 வருஷ டேட்டாவை வச்சு 2017-ல தான் சொல்ல முடிஞ்சுது. முதல் பத்து வருஷத்தோட நிறுத்தியிருந்தா கதையே வேற மாதிரி முடிஞ்சிருக்கும். இந்த மாதிரி சோதனைல போஸ்ட்டாக் பண்ணினவருக்கு மூணு வருஷத்துல ரெண்டு பேப்பர் வந்தாலே பெரிசு. அதே மூணு வருஷத்துல மத்தவங்க டேட்டாவைச் சேர்த்து சிந்தசிஸ் பண்றவருக்கு பன்னெண்டு வரும். ரெண்டும் நல்ல வேலைதான், எண்ணை வச்சு ஒப்பிடத்தான் கூடாது.

இன்னொரு சிக்கல், நாப்பது பேரு அறுபது பேரு சேர்ந்து எழுதுற பேப்பர். நியூட்ரியன்ட் நெட்வொர்க் மாதிரி பல கண்டத்துல ஒரே டிசைன்ல ப்ளாட் போட்டு நடத்துற கூட்டு சோதனைகள்ல டேட்டா குடுத்தவங்க நிறைய பேர் ஆத்தரா இருப்பாங்க. அதுல இந்த கேண்டிடேட் என்ன பண்ணினாரு? கிரெடிட்னு (CRediT) ஒரு முறை இருக்கு, ஐடியா குடுத்தது, டேட்டா எடுத்தது, அனாலிசிஸ் பண்ணினதுன்னு 14 வகையா பங்களிப்பைப் பிரிச்சு எழுதுறது, நிறைய ஜர்னல்ல பேப்பர் கடைசில வரும், அதைப் பாருங்க. இல்லன்னா விளம்பரத்துலயே "உங்க முக்கியமான மூணு வேலையைச் சொல்லி அதுல உங்க பங்கு என்னன்னு ஒவ்வொண்ணுக்கும் நாலு வரி எழுதுங்க"ன்னு கேட்டுடுங்க, அந்த மூணு பத்தி மொத்த சிவியை விட அதிகம் சொல்லும். ஜர்னல் இம்பாக்ட் ஃபேக்டரை (ஒரு ஜர்னல்ல வர்ற பேப்பரை மத்தவங்க சராசரியா எவ்ளோ மேற்கோள் காட்டுறாங்கங்கிற எண்ணு) வச்சு ஆளை எடை போடக்கூடாதுன்னு சொல்ற டோரா பிரகடனம் 2012-ல சான் ஃபிரான்சிஸ்கோ மீட்டிங்ல உருவானது, உங்க யுனிவர்சிட்டி அதுல கையெழுத்து போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா கமிட்டில அதை எடுத்துக் காட்டுறதுக்கு வசதி.

ஷார்ட்லிஸ்ட் பக்கம் வர்ற ஆளுங்களோட ஒரு பேப்பரையாவது நெஜமாவே உக்காந்து படிங்க. எதைப் பாக்கணும்? எரிஞ்ச காடு ஒண்ணு, எரியாத காடு ஒண்ணு, ரெண்டுலயும் இருபது இருபது குவாட்ரட் (அளவெடுக்குற சின்னச் சதுரம்) போட்டு "நெருப்போட விளைவு"ன்னு எழுதியிருந்தா, குவாட்ரட் இருபது இருக்கலாம், நெருப்புக்கு ரெப்ளிகேட் (தனித்தனியா நடந்த நிகழ்வு) ஒண்ணுதான். 1984-ல ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் சூடோரெப்ளிகேஷன்னு பேர் வச்சு இதைக் கிழிச்சு எழுதினாரு, இன்னிக்கும் நடந்துட்டுதான் இருக்கு. சில சமயம் வேற வழியே இருக்காது, ஒரே ஒரு பெரிய காட்டுத்தீதான் வந்திருக்கும். அப்ப அந்த வரம்பைத் தானே சொல்லி, முடிவை அதுக்குத் தகுந்த மாதிரி அடக்கி எழுதியிருக்காரான்னு பாருங்க, அப்படி எழுதுறவரை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சாட்டிலைட் ஆளா இருந்தா, தரைல இறங்கி சரிபார்த்த டேட்டா இருக்கா. மாடல் ஆளா இருந்தா, மாடல் எங்க தப்பாப் போகுதுன்னு அவரே காட்டியிருக்காரா.

ஒரு ஃபைலை ரெண்டு பேராவது தனித்தனியா படிச்சு மார்க் போடுங்க. 2012-ல ஒரு சோதனை, பயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபிசிக்ஸ் ப்ரொஃபசர்கள் 127 பேர்கிட்ட லேப் மேனேஜர் வேலைக்கு ஒரே அப்ளிகேஷனைக் குடுத்தாங்க, சிலருக்கு ஜான்னு பேரு, சிலருக்கு ஜெனிஃபர்னு பேரு. ஜானுக்குத் திறமை மார்க்கும் சம்பளமும் கூட, ஜெனிஃபருக்குக் கம்மி, மார்க் போட்டவங்க ஆணா பெண்ணாங்கிறதால வித்தியாசம் ஒண்ணும் இல்ல. "நான் அப்படி இல்ல"ன்னு எல்லாரும்தான் நெனைக்கிறோம்.

அஞ்சாவது: ஜூம் இன்டர்வியூ

பத்து பன்னெண்டு பேர், ஆளுக்கு அரை மணி, எல்லாருக்கும் அதே கேள்வி அதே வரிசைல. இது மெஷின் மாதிரி இருக்குன்னு யாராவது முணுமுணுப்பாங்க, விடுங்க, மனம் போன போக்குல பேசற இன்டர்வியூவை விட ஒரே கேள்வி வச்ச இன்டர்வியூதான் பின்னாடி வேலை எப்படிப் பாப்பாங்கன்னு நல்லா கணிக்குதுன்னு பல வருஷ ஆராய்ச்சி சொல்லுது. கேள்விகளை முந்தின நாளே அனுப்பிடலாம், ஞாபக சக்திப் போட்டியா நடத்தறோம்? இங்கிலீஷ் ரெண்டாவது மூணாவது மொழியா இருக்கிறவங்களுக்கு இது பெரிய நிம்மதி.

நான் கேக்கச் சொல்றது: உங்க முதல் கிரான்ட்ல என்ன கேள்வி கேப்பீங்க, இங்க வந்தா எந்த இடத்துல ப்ளாட் போடுவீங்க ஏன், அந்த இடம் அடுத்த வருஷம் எரிஞ்சுட்டா இல்ல பர்மிஷன் போயிட்டா என்ன பண்ணுவீங்க, ஃபீல்டுக்கு வர முடியாத ஸ்டூடண்டுக்கு உங்க கோர்ஸ்ல என்ன குடுப்பீங்க. அப்புறம் கட்டாயம் இது: ஃபீல்டு டீமோட பாதுகாப்பை எப்படிப் பாத்துப்பீங்க? 2014-ல வந்த ஒரு சர்வேல ஃபீல்டு வேலை பாக்குற 666 பேர் பதில் சொன்னாங்க, அதுல 64 சதவீதம் பேர் பாலியல் ரீதியான தொந்தரவை நேர்ல அனுபவிச்சிருக்காங்க. தூரத்துல, ராத்திரில, ஒரே வண்டில, ஒரே கூடாரத்துல, பாஸை விட்டா வேற யாருமே இல்லாத இடத்துல நடக்குற வேலை இது. யார்கிட்ட புகார் சொல்லணும், சாட்டிலைட் ஃபோன் யார் கைல, தனியா யாரையும் அனுப்புவாரான்னு யோசிச்சு வச்சிருக்கிறவரு பதில் சொல்ற விதமே வேற.

ஆறாவது: கேம்பஸ் விசிட்

மூணு நாலு பேரைக் கூப்பிடுவீங்க. டிக்கெட்டையும் ஹோட்டலையும் யுனிவர்சிட்டியே நேரா புக் பண்ணட்டும், "நீங்க போட்டுக்கோங்க, அப்புறம் தர்றோம்"னா போஸ்ட்டாக் சம்பளத்துல இருக்கிறவங்களுக்கு அந்தப் பணம் மாசக்கணக்குல முடங்கிடும்.

செமினார் எல்லாருக்கும் தெரியும். சாக் டாக்தான் புதுசுக்குக் குழப்பம். ஸ்லைடு இல்லாம, போர்டுல எழுதி, இனிமே என்ன செய்யப் போறேன்னு கேண்டிடேட் விளக்கணும், ஃபேகல்டி நடுநடுவுல குறுக்க கேப்பாங்க. செமினார் பாஸோட லேப்ல பண்ணின வேலையைக் காட்டும், சாக் டாக்லதான் சொந்த யோசனை வெளிய வரும். ஆனா ஒரு சீனியர் எந்திரிச்சு தன்னோட பழைய தியரியைப் பத்தி இருபது நிமிஷம் பேசிட்டா அந்த கேண்டிடேட்டுக்கு அநியாயம், அதனால கமிட்டித் தலைவர் (சேர்) முன் வரிசைல உக்காந்து அடக்கணும், முதல் பத்து நிமிஷம் கேள்வி கிடையாதுன்னு சொல்லிடணும்.

ஃபீல்டு சைட்டைக் காட்டக் கூட்டிட்டுப் போறது நல்ல விஷயம். ஆனா அது மலையேற்றப் பரீட்சை ஆகக்கூடாது. யாரு வேகமா ஏறுறாங்கன்னு பாத்து "நல்ல ஃபீல்டு ஆளு"ன்னு முடிவு கட்டுற பழக்கம் நம்ம துறைல உண்டு, அசிங்கமான பழக்கம். கால் வலி இருக்கலாம், கர்ப்பமா இருக்கலாம், யாரும் உங்ககிட்ட சொல்லணும்னு அவசியம் இல்ல.

டின்னர்லதான் பெரும்பாலும் வம்பு வரும். கல்யாணம் ஆச்சா, குழந்தை இருக்கா, என்ன வயசு, என்ன மதம், வீட்டுக்காரர் என்ன பண்றாரு, எதையும் கேக்காதீங்க, பல நாட்டுல சட்டப்படியே சிக்கல், சட்டம் இல்லாத இடத்துலயும் தப்புதான். அதுக்குப் பதிலா குழந்தைகள் காப்பகம், துணைக்கு வேலை தேட உதவி, லீவ் விதிகள் இதெல்லாம் ஒரு தாள்ல அச்சடிச்சு வர்ற எல்லாருக்கும் குடுத்துடுங்க, தேவையானவங்க எடுத்துப்பாங்க.

ஏழாவது: முடிவு

மீட்டிங்குக்கு முன்னாடியே எல்லாரும் தன்னோட கருத்தை எழுதி அனுப்பிடணும். இல்லன்னா முதல்ல பேசுறவரு பின்னாடியே மத்தவங்க போயிடுவாங்க. ரெண்டாவது படில எழுதின தாளை எடுத்து நடுவுல வைங்க. யாரையும் பிடிக்கலன்னா, அதாவது யாருமே அந்தத் தாள்ல தேறலன்னா, இந்த ஆள் தேடலை மூடிட்டு அடுத்த வருஷம் திரும்பப் பண்ணலாம், ஆனா டீன் அந்தப் பதவியையே திரும்ப எடுத்துக்கிட்ட கதையும் உண்டு, அதனால அதை முன்னாடியே டீன்கிட்ட பேசி எழுத்துல வாங்கிக்கோங்க.

எட்டாவது: ஆஃபரும் ஸ்டார்ட்-அப்பும்

ஸ்டார்ட்-அப்னா புது ஆளு லேப் ஆரம்பிக்க யுனிவர்சிட்டி குடுக்குற பணமும் வசதியும். இதைக் கமிட்டி கண்டுக்காம சேர் தலைல போட்டுட்டுப் போயிடும், ஆனா வந்த ஆளு நிப்பாரா ஓடுவாரான்னு இங்கதான் தீர்மானம் ஆகுது. மண்ணு ஆளுக்கு கார்பன் நைட்ரஜன் அனலைசர், உலர்த்துற அவன், மஃபிள் ஃபர்னஸ், மைனஸ் 80 ஃப்ரீசர், அதோட தூசி பறந்தாலும் பரவாயில்லங்கிற ஒரு ரூம் வேணும், அந்த ரூமை எல்லாரும் மறந்துடுவாங்க, சீக்வென்சிங் லேப் பக்கத்துல மண்ணு சலிக்க முடியாது. செடி ஆளுக்கு போர்ட்டபிள் ஃபோட்டோசிந்தசிஸ் மெஷின், க்ரோத் சேம்பர். எல்லாருக்கும் வண்டி. எது ஏற்கனவே இருக்கு, எதைப் பகிர்ந்துக்கலாம், ரிப்பேருக்கு யாரு பணம்னு நேர்மையா சொல்லுங்க. மெஷினுக்குப் பணம் ஒரு தடவை கிடைச்சுடும், அதை ஓட்டுற டெக்னீஷியன் சம்பளம்தான் வருஷா வருஷம் வேணும், கேண்டிடேட்டுக்கு அது தெரியாம இருக்கலாம், நீங்களே எடுத்துச் சொல்லுங்க.

பர்மிட் விஷயத்தை ஆஃபர் குடுக்கும்போதே ஆரம்பிங்க. வெளிநாட்டு மண்ணைக் கொண்டு வரணும்னா குவாரன்டீன் அனுமதியும் அதுக்கேத்த லேபும் வேணும், மிருகத்துக்குக் காலர் மாட்டணும்னா எத்திக்ஸ் கமிட்டி, வேற நாட்டு உயிரினங்களோட மரபணு வேலைன்னா 2014 அக்டோபர்ல நடைமுறைக்கு வந்த நகோயா ஒப்பந்தப்படி அந்த நாட்டு அனுமதி வேண்டியிருக்கலாம். இதெல்லாம் மாசக்கணக்குல இழுக்கும். ஒரு ஃபீல்டு சீசன் போச்சுன்னா போனது ஒரு முழு வருஷம், டென்யூர் (நிரந்தர வேலை) முடிவுக்கு ஓடுற கடிகாரம் நிக்காது. முதல் வருஷம் டீச்சிங்கைக் குறைச்சு, அதுவும் எந்த செமஸ்டர்ல குறைக்கிறதுன்னு அவங்க ஃபீல்டு சீசனைப் பாத்து முடிவு பண்ணுங்க. குளிர்காலத்துல ஃப்ரீயா விட்டுட்டு வசந்தத்துல ரெண்டு கோர்ஸ் குடுத்தா அந்தச் சலுகைக்கு அர்த்தமே இல்ல.

ஆஃபர் போனப்புறம் பதிலுக்கு ரெண்டு வாரமாவது டைம் குடுங்க, ரெண்டாவது கேண்டிடேட்டை இருட்டுல வைக்காம "இன்னும் முடிவாகல, நீங்களும் பரிசீலனைல இருக்கீங்க"ன்னு சொல்லுங்க. ஜூம் வரைக்கும் வந்தவங்களுக்கு முடிவை நீங்களே மெயில்ல சொல்லுங்க, ஹெச்.ஆர். சிஸ்டத்தோட தானியங்கி மெயில் ஆறு மாசம் கழிச்சுதான் போகும். உள்ளயே வேலை பாக்குற யாராவது அப்ளை பண்ணி கிடைக்காமப் போயிருந்தா அவங்ககிட்ட சேர் நேர்ல போய், ஆஃபர் செய்தி காரிடார்ல பரவுறதுக்கு முன்னாடி சொல்லிடணும்.